எருக்கலையும் அலரியும் ஒரே குடும்பமா?

கேள்வி (கோண்டாவில்): அண்ணைமார், என் பழைய தாவரவியல் புத்தகத்தில் எருக்கலைக்கும் அலரிக்கும் வேறு வேறு குடும்பம், மகளின் பாடக்குறிப்பிலோ இரண்டும் ஒன்று. பூ துளியும் ஒத்துப்போகவில்லையே, எதை நம்புவது?

பதில்: புதியதை நம்புங்கோ. எருக்கலைப் பூவுக்குள் ஊசியை விட்டு இழுத்துப் பாருங்கோ, மகரந்தம் தூளாக வராது, மெழுகுப் பொட்டலம் இரண்டு, ஒரு சோடியாகத் தொங்கிக்கொண்டு வரும். இந்த மாதிரி அமைப்பை வைத்துத்தான் 1810இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் எருக்கலைக் கூட்டத்தைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார். அப்புறம் மரபணுவை ஒப்பிட்டால், அந்தக் கூட்டமே அலரிக் குடும்பத்துக்குள் முளைத்த ஒரு கிளை! பூக்கும் தாவரங்களை மரபணு உறவை வைத்துப் பிரிக்கும் ஏபிஜி (APG) என்ற வகைப்பாடு 1998இல் வந்தது, அதில் இரண்டும் ஒன்று.

இன்னொரு பதில்: வேலி நொச்சியும் தேக்கும்கூடத் துளசி குடும்பத்துக்குப் போய்விட்டன, மகளுக்குச் சொல்லுங்கோ.

கேட்டவர்: சரி, நன்றி. நாளைக்கே ஊசியோடு வேலிப்பக்கம் போகிறோம்.