இரும்புத் தலைக்கவசத்துக்குள் என்ன இருந்தது?

பழசுப்பிரியன்:
அருங்காட்சியகப் படங்களில் பார்த்தால் ஐரோப்பிய நைட்டுகளின் (கவசம் அணிந்த குதிரை வீரர்களின்) தலைக்கவசம் உள்ளே வெறும் இரும்பாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் வேறு. அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டா சண்டைக்குப் போனார்கள்? குதிரை ஓடினாலே கழன்று விழாதா?

கொல்லன்பட்டறை:
துணி மக்கிவிட்டது, இரும்பு மட்டும் மிஞ்சியது, அவ்வளவுதான். அந்த ஓட்டைகளே உள்மெத்தையைப் பிடித்து நிறுத்தத்தான். 14-ஆம் நூற்றாண்டில் இருந்த பாசினெட் என்ற தலைக்கவசத்தில் இரண்டு லினன் துணிகளுக்கு நடுவே கம்பளியோ குதிரைமயிரோ அடைத்து, நெருக்கமாகத் தையல் ஓட்டி, ஓரத்தில் இரும்போடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மேல்பகுதி பூவிதழ் மாதிரி பிரிந்திருக்கும், நுனிகளில் ஒரு கயிறு கோத்திருக்கும். அதை இறுக்கினால் அல்லது தளர்த்தினால் தலை எவ்வளவு உள்ளே இறங்க வேண்டும் என்று சரிசெய்துகொள்ளலாம். உச்சிக்கும் இரும்புக்கும் இடைவெளி இருந்தால்தான் அடி நேராக மண்டையில் இறங்காது. கட்டட வேலைக்குப் போடும் ஹெல்மெட்டுக்குள் பட்டை இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே யோசனை.

ஈட்டிமுனை:
13-ஆம் நூற்றாண்டின் வாளி மாதிரியான பெரிய கவசம் வேறு கதை. முதலில் பஞ்சு வைத்துத் தைத்த தொப்பி, அதன்மேல் இரும்பு வளைய முக்காடு, கடைசியில்தான் அது. தாடைக்குக் கீழே பட்டை கட்டுவார்கள். பிறகு, கழற்றினால் தொலைந்துபோகாமலிருக்க மார்போடு சங்கிலியும் வந்தது. 15-ஆம் நூற்றாண்டில், குதிரைமேல் ஈட்டியோடு மோதும் பந்தயத்துக்கான தலைக்கவசத்தை மார்புத்தகட்டோடே இறுக்கிப் பூட்டிவிடுவார்கள், தலையைத் திருப்பவே முடியாது.

பழசுப்பிரியன்:
சரி, அப்போ அந்த மெத்தையில் ஊறிய வியர்வை நாற்றத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.