மெரூன் பை போட்டோல ஆரஞ்சா வருது, வெள்ளை பேக்ரவுண்டு சாம்பலா இருக்கு, உதவி பண்ணுங்க

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்லயே க்ரோஷே பை பின்னி ஆன்லைன்ல விக்கிறேன், போட்டோ எல்லாம் போன்லதான். பிரச்னை என்னன்னா மெரூன் பையை எப்படி எடுத்தாலும் ஒரு பக்கம் ஆரஞ்சு அடிக்குது, இன்னொரு பக்கம் லேசா நீலம் படிஞ்ச மாதிரி இருக்கு. பின்னாடி வெச்சிருக்க வெள்ளை சார்ட் வெள்ளையாவே வரமாட்டேங்குது, அழுக்கு சாம்பல். எடிட்டிங் ஆப்ல ப்ரைட்னஸ் ஏத்துனா சார்ட் வெள்ளையாகுது, ஆனா பையும் சேந்து வெளிறி பின்னலே தெரியாம போயிடுது. ஒரு கஸ்டமர் "நான் பாத்த கலர் இது இல்லைங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அவங்களைச் சொல்லி குத்தமில்ல, அவங்க போட்டோல பாத்தது வேற கலர்தானே.

ஜன்னல் பக்கத்துல டேபிள், வெளிச்சம் பத்தலன்னு மேல மஞ்ச எல்இடி பல்பும் போட்டுக்கறேன். போனை பைக்கு ரொம்ப கிட்ட வெச்சுத்தான் எடுக்கறேன், அதனாலயோ என்னமோ பையோட கீழ்பக்கம் பெருசா உப்புன மாதிரி தெரியுது. லைட் பாக்ஸ் (உள்ள லைட் வெச்ச வெள்ளைப் பெட்டி) வாங்குனா இதெல்லாம் சரியாகுமா?

சட்டுனு_க்ளிக்:
பேக்ரவுண்டு ரிமூவ் பண்ற ஆப்ல போடுங்க, சார்ட் பிரச்னை முடிஞ்சிடும். லைட் பாக்ஸ் எல்லாம் வேணாம்.

ஜன்னலோரம்:
ரிமூவ் ஆப் பேக்ரவுண்டைத்தான் மாத்தும், பையோட கலரைத் தொடாது, க்ரோஷே ஓரத்துல இருக்க சின்ன சின்ன நூலையும் பிச்சு எடுத்துடும். அதை கடைசியா பாத்துக்கலாம்.

சிஸ்டர், முதல்ல அந்த பல்பை அணைங்க. மஞ்ச பல்போட கலர் டெம்பரேச்சர் (வெளிச்சத்தோட நிற அளவு, நம்பர் கம்மின்னா மஞ்சள், கூடுனா நீலம்) 2700லருந்து 3000 கெல்வின் இருக்கும், பகல் வெளிச்சம் 5500 பக்கம், மேகமா இருந்தா இன்னும் மேல போகும். வெள்ளையை வெள்ளையா காட்டறதுக்கு கேமரா ஒயிட் பேலன்ஸ்ங்கற பேர்ல பொதுவா போட்டோ முழுசுக்கும் ஒரே திருத்தம்தான் போடும், ஜன்னல் பக்கத்தை சரி பண்ணுனா பல்பு பட்ட பக்கம் ஆரஞ்சாகும், பல்புக்கு சரி பண்ணுனா ஜன்னல் பக்கம் நீலமாகும். ரெண்டு வெளிச்சத்தை கலந்துட்டா எந்த ஆப்லயும் சுத்தமா பிரிக்க முடியாது. ஜன்னல் மட்டும் போதும், நேரடி வெயில் விழுந்தா ஒரு மெல்லிசு வெள்ளைத் துணியைத் தொங்க விடுங்க. லைட் பாக்ஸும் இதுக்கு பதில் இல்ல, சின்ன பாக்ஸ்ல பை அடங்காது, அதுல வர்ற எல்இடி ஸ்ட்ரிப் நிறைய நேரம் தரம் கம்மியா இருக்கும்.

சார்ட் ஏன் சாம்பலாகுதுன்னா, கேமரா காட்சிய மொத்தமா பாத்து ஒரு நடுத்தர அளவுக்கு வெளிச்சத்தைக் கொண்டு வரப் பாக்கும். ஃப்ரேம் முழுக்க வெள்ளையா இருந்தா "அடேங்கப்பா இவ்ளோ வெளிச்சமா"ன்னு அதுவே குறைச்சிடும். பை மேல விரலை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) லாக் ஆகும், அப்புறம் பக்கத்துல வர்ற சூரியன் ஐகானை மெதுவா மேல தள்ளுங்க. ப்ரோ மோடு இருந்தா அதுல எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வைங்க. பின்னல் தெளிவா தெரியற வரைக்கும்தான் ஏத்தணும், சார்ட் முழு வெள்ளையாகலன்னாலும் பரவால்ல, மிச்சத்தை எடிட்ல "ஒயிட்ஸ்" ஸ்லைடர்ல பாத்துக்கலாம். ப்ரைட்னஸ் ஸ்லைடர் எல்லாத்தையும் சேத்து தூக்கிடும், அதான் உங்க பை வெளிறுது.

உப்பித் தெரியறதுக்கு காரணம் தூரம். நாலஞ்சு அடி பின்னாடி போய் 2 எக்ஸ்ல எடுங்க, லென்ஸ் பையோட நடு உயரத்துக்கு நேரா இருக்கட்டும்.

நூல்கண்டு:
பல்பை அணைச்சு எடுத்துப் பாத்தேன், ஆரஞ்சு சுத்தமா போயிடுச்சு!! ஷேப்பும் கையில இருக்க மாதிரியே வருது. ரொம்ப நன்றிங்க. ஆனா ஜன்னலுக்கு எதிர்பக்கம் இருட்டா இருக்கு, மெரூனும் முழுசா மெரூன் இல்ல, லேசா நீலம் கலந்த மாதிரி, சார்ட்டும் அப்படித்தான். இன்னொன்னு, சாயங்காலத்துக்கு மேலதான் எனக்கு நேரம் கிடைக்கும், ராத்திரி எடுக்க என்ன வழி?

பழைய_லென்ஸ்:
இருட்டுப் பக்கத்துக்கு ஒரு வெள்ளை தெர்மகோல் ஷீட்டை ஃப்ரேமுக்கு வெளிய நிறுத்துங்க, ஜன்னல் வெளிச்சத்தை அது திருப்பி பை மேல போடும். ரொம்ப கிட்ட வெச்சு ரெண்டு பக்கமும் சமமாக்கிடாதீங்க, பக்கவாட்டு வெளிச்சத்துலதான் ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு குட்டி நிழல் விழுந்து கைவேலை தெரியும். உங்க பைக்கு மதிப்பே அந்த பின்னல்தான், அது தெரியலன்னா மிஷின்ல அடிச்ச பைக்கும் உங்க பைக்கும் போட்டோல என்ன வித்தியாசம் இருக்கு சொல்லுங்க. இதனாலதான் போன் ஃப்ளாஷ் கூடவே கூடாது, நேரா அடிச்சு எல்லாத்தையும் தட்டையாக்கிடும்.

நீலத்துக்கு ஒரு காரணம், ஜன்னல்ல வெறும் நீல வானம் தெரிஞ்சா அந்த வெளிச்சமே நீலம்தான். இன்னொன்னு, பளிச்சுன்னு இருக்க வெள்ளை பேப்பர்ல ஆப்டிகல் பிரைட்னர்னு ஒரு கெமிக்கல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமா வெளிய விடும், அதனால சார்ட்டை வெச்சு ஒயிட் பேலன்ஸ் பண்ணாதீங்க. கேமரா கடைல 18 சதவீத கிரே கார்டு (எந்த கலரும் கலக்காத சாம்பல் அட்டை, விழற வெளிச்சத்துல 18 சதவீதத்தைத் திருப்பும்) கிடைக்கும், பை இருக்க இடத்துலயே அதை வெச்சு முதல்ல ஒரு ஷாட் எடுத்துக்கங்க, எடிட்ல ஒயிட் பேலன்ஸ் பிக்கர் மாதிரி இருக்கறதை எடுத்து கார்டு மேல தொட்டா சரியாகும், அதே செட்டிங்கை மிச்ச போட்டோவுக்கும் காப்பி பண்ணிக்கலாம். வெளிச்சம் மாறுனா கார்டு ஷாட்டையும் திரும்ப எடுக்கணும். ஏஐ சீன், ஃபில்டர் எல்லாம் ஆஃப், அதுங்க சிவப்பைப் பாத்தாலே தூக்கிக் காட்டும்.

ராத்திரிக்கு பல்பு வாங்கும்போது வாட்டை மட்டும் பாக்காதீங்க, பெட்டில சிஆர்ஐ (நிறத்தை எவ்ளோ நிஜமா காட்டுதுங்கற அளவு, உச்சம் 100) 90க்கு மேலன்னு போட்டிருக்கான்னு பாருங்க. சாதாரண எல்இடி 80 பக்கம் இருக்கும், அதுல அடர் சிவப்பு செத்துப்போன மாதிரி வரும். ஆர்9னு தனியா ஒரு நம்பர் இருக்கு, அது அடர் சிவப்புக்கான அளவு, சிஆர்ஐயோட வழக்கமான சராசரில அது சேராது, அதனால மெரூன் விக்கிறவங்க ஆர்9ஐயும் கேட்டு வாங்கறது நல்லது. 5000லருந்து 5600 கெல்வின்ல ஒரே மாடல் ரெண்டு வாங்குங்க, வேற வேற கம்பெனி கலக்க வேணாம். முன்னாடி வெள்ளைத் துணியோ டிஃப்யூசரோ வெச்சு, ஒன்னு கிட்ட, இன்னொன்னு தள்ளி. பல்பை ரெண்டு மடங்கு தள்ளி வெச்சா வெளிச்சம் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்காயிடும், அதை வெச்சே நிழலை எவ்ளோ வேணுமோ அவ்ளோ ஏத்தி இறக்கிக்கலாம். போட்டோல கோடு கோடா வந்தா அது பல்பு மின்னுறதால, கரண்ட் 50 ஹெர்ட்ஸா இருந்தா நொடிக்கு 100 தடவை மின்னும், ப்ரோ மோடுல ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடில வெச்சா போயிடும்.

ஜன்னலோரம்:
கஸ்டமர் ஸ்க்ரீனையும் யோசிக்கணும் சிஸ்டர். உங்க போன்ல டிஸ்ப்ளே "விவிட்"ல இருந்தா "நேச்சுரல்"க்கு மாத்திட்டு எடிட் பண்ணுங்க, ஸ்க்ரீனை மஞ்சளாக்கற நைட் லைட் செட்டிங்கும் ஆஃப். எக்ஸ்போர்ட் பண்ணும்போது எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான ஸ்க்ரீனுக்குப் பொதுவான கலர் ஸ்பேஸ், அதாவது காட்டக்கூடிய நிறங்களோட எல்லை), ஜேபெக் ஃபைலா வைங்க. சில போன் பி3ங்கற பெரிய கலர் ஸ்பேஸ்ல எடுக்கும், எந்த கலர் ஸ்பேஸ்னு சொல்ற ப்ரொஃபைலை அப்லோடு பண்ற சைட் தூக்கிட்டா கலர் மாறிடும். அமேசான் மாதிரி இடத்துல மெயின் படத்துக்கு 255, 255, 255 (சிவப்பு, பச்சை, நீலம் மூணும் உச்சத்துல) சுத்த வெள்ளை கேப்பாங்க, பொருள் ஃப்ரேம்ல 85 சதவீதம் இருக்கணும், அங்க மட்டும் பேக்ரவுண்டு ரிமூவ் பண்ணிக்கலாம்.

நூல்கண்டு:
கிரே கார்டு வந்துடுச்சு, பையை போன் பக்கத்துல வெச்சுப் பாத்தேன், மெரூன் மெரூனாவே இருக்கு, சந்தோஷமா இருக்குங்க. எல்லா கலரையும் திரும்ப எடுக்கப் போறேன். கடைசியா ஒன்னு, பையோட கொக்கி ஸ்டீல், அதுல நானும் போனும் தெரியறோம்.

பழைய_லென்ஸ்:
கொக்கி ஒரு கண்ணாடி மாதிரி, எதிர்ல என்ன இருக்கோ அதைத்தான் காட்டும். ஒரு பெரிய வெள்ளை அட்டைல லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதுக்குப் பின்னாடி நின்னு எடுங்க. முழுக்க வெள்ளையாகி கொக்கியோட ஓரமே தெரியலன்னா, பக்கத்துல ஒரு சின்ன கறுப்பு அட்டைத் துண்டை வைங்க, ஓரத்துல கறுப்பு கோடு விழுந்து வடிவம் எடுத்துக் காட்டும். எடுக்கறதுக்கு முன்னாடி விரல் ரேகையைத் துடைச்சிடுங்க, அதை எடிட்ல எடுக்கறது பெரிய வேலை.