மறு: ஹோமியோஸ்டேசிஸ்: 'சமநிலை' வேண்டாம், 'நிலைபேணல்' சரிவருமா?

வணக்கம்.

ஹோமியோஸ்டேசிஸ், அதாவது உடம்பு தன் உள்ளே உள்ள உப்பு, சர்க்கரை, சூடு போன்ற அளவுகளை ஒரு வரம்புக்குள் ஓயாமல் காத்துக்கொள்வது, அதைத் தமிழில் 'சமநிலை' என்று எழுதுவதை விட்டு 'நிலைபேணல்' என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு நேற்று வந்த இரண்டு மடல்களையும் படித்தேன். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சமநிலை என்ற சொல் ஊன்றிவிட்டது, எல்லாருக்கும் புரிகிறது. இனி எதற்கு மாற்ற வேண்டும்?

தங்கை, எல்லாருக்கும் என்ன புரிகிறது என்பதுதான் என் கவலை. பதினோராம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்கு உயிரியல் நடத்துகிறேன். கழிவுநீக்க மண்டலம் நடத்தி முடித்த அன்று ஒரு பையன் எழுந்து, "சார், உடம்பு சமநிலையில இருக்குன்னா செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் உப்பு ஒரே அளவா இருக்கும், அப்படித்தானே?" என்று கேட்டான். நன்றாகப் படிக்கிற பையன். அவன் பாடத்தைத் தவறாகப் படிக்கவில்லை, நாம் கொடுத்த சொல்தான் அவனை அங்கே கொண்டுபோய் விட்டது. முந்தின பாடவேளையில் வேதிச்சமநிலை படித்திருக்கிறான், இயற்பியலில் விசைகளின் சமநிலை படித்திருக்கிறான், வீட்டில் தராசைப் பார்த்திருக்கிறான். அங்கெல்லாம் இரண்டு பக்கமும் ஈடாகி நின்றால் சமநிலை. அதே சொல்லைத்தான் இங்கேயும் வைத்திருக்கிறோம்.

உண்மை நேர் எதிர். நம் செல்லுக்கு வெளியே உள்ள நீரில் சோடியம் லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல், உள்ளே 10, 15 அளவுதான். பொட்டாசியம் இதற்குத் தலைகீழ்: உள்ளே 140, வெளியே 4 போல. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியம்-பொட்டாசியம் பம்பு ராத்திரி பகலாக ஓடுகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு இருப்பதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, தசை சுருங்குகிறது, இதயம் துடிக்கிறது. பம்பு நின்றால் அளவுகள் மெல்ல மெல்லச் சமமாகிவிடும். அப்படிச் சமமாகிவிட்ட உடம்பை நாம் பிணம் என்கிறோம். உயிரோடு இருப்பதன் இலக்கணத்துக்கே எதிரான சொல்லை உயிரியல் பாடத்தில் வைத்திருக்கிறோம் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

ஹோமியோஸ்டேசிஸ் என்ற சொல்லைப் படைத்தவரே இதை யோசித்திருக்கிறார். ஹார்வர்டில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன் 1926இல் அதைக் கொண்டுவந்தார், 1929இல் நீண்ட கட்டுரையில் விரித்து எழுதினார். சமநிலை என்று நாம் சொல்கிற 'ஈக்விலிப்ரியம்' என்ற ஆங்கிலச் சொல் அப்போதே கையில் இருந்தது. மூடிய அமைப்புகளில் விசைகள் ஈடாகி நிற்கும் எளிய நிலைக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது, உயிருள்ள உடம்பில் நடப்பது வேறு என்று சொல்லித்தான் அதை ஒதுக்கினார். 'ஒரே' என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டை விட்டுவிட்டு 'ஒத்த' என்று பொருள்படுவதை எடுத்துக்கொண்டதும் வேண்டுமென்றே செய்ததுதான். அளவு கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் ஒரு வரம்பை விட்டுப் போகாது என்பதே அவர் கருத்து. அவர் ஒதுக்கிய சொல்லையே நாம் தேடிப் பிடித்துத் தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

> இலங்கையில் ஒருசீர்த்திடநிலை என்று நெடுங்காலமாக வழங்குகிறோம். அதை எல்லாரும் எடுத்துக்கொண்டால் என்ன?

ஐயா, அந்தச் சொல்லின் மேல் எனக்கு மரியாதை உண்டு, 'ஒருசீர்' என்பதில் வரம்புக்குள் நிற்பது அழகாக வந்துவிடுகிறது. தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த மரபே உங்கள் பக்கத்தில்தான் தொடங்கியது, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மாணவர்களுக்குத் தமிழில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் 'திடநிலை' என்றால் ஐஸ்கட்டி. திடம், திரவம், வாயு என்றே கேட்டுப் பழகியவர்கள். உங்களிடம் திடத்துக்குத் திண்மம் என்ற சொல்லே வழங்குவதால் இந்த மோதல் வருவதில்லை. நாளம் கதையும் இப்படித்தானே: இங்கே எந்த இரத்தக்குழாயும் நாளம், அங்கே நாளம் என்றால் எங்கள் சிரை மட்டும், எங்கள் தமனி உங்களுக்கு நாடி. நாங்கள் நரம்பு மண்டலம் என்பதை நீங்கள் நரம்புத் தொகுதி என்கிறீர்கள், அந்த வேறுபாட்டோடு வாழப் பழகிவிட்டோம், ஆனால் புதிதாக ஒன்று வைக்கும்போது இரண்டு கரையிலும் இடறாத சொல்லாகப் பார்ப்போமே. சமநிலை, ஒருசீர்த்திடநிலை இரண்டிலும் இன்னொரு குறை உண்டு. இரண்டும் 'நிலை' என்று முடிகின்றன, செயல் எங்கேயும் தெரியவில்லை.

அதனால்தான் 'நிலைபேணல்' என்கிறேன். பேணுதலில் ஓயாத வேலை இருக்கிறது. கைக்குழந்தையைப் பேணுகிறோம், விளக்கைப் பேணுகிறோம், ஒரு நாள் விட்டாலும் போச்சு. கைதட்டல், கைகூப்பல் போல இரண்டாம் வேற்றுமைத் தொகை, நடுவில் 'ப்' போட வேண்டியதில்லை. அடுத்த சொற்களும் எளிதாகக் கிளைக்கும்: நிலைபேண் உறுப்பு, நிலைபேண் இயக்கம், நிலைபேணல் குலைவு. 'அகநிலை பேணல்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன், ஆனால் அகநிலை, புறநிலை இரண்டும் மெய்யியலில் வேறு வேலையில் இருக்கின்றன. பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார் 19ஆம் நூற்றாண்டில் சொன்ன உள்சூழல், அதாவது செல்கள் மிதந்து வாழ்கிற அந்த நீர்ச்சூழல், அதற்கு 'அகச்சூழல்' போதும். பேணப்படுவது அகச்சூழல், பேணும் செயல் நிலைபேணல்.

நிலைபேறு என்பதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி என்று எழுதுகிறார்கள், தெரியும். அது 'பெறு' என்ற வேர், இது 'பேண்', வாயில் சொல்லிப் பார்த்தாலே தனித்துக் கேட்கிறது. வாத, பித்த, கபம் தத்தம் அளவில் நிற்பதைக் குறிக்கும் சித்த மருத்துவச் சொல்லை எடுக்கலாம் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அது தனக்கென ஒரு கோட்பாடு உள்ள துறை, அதன் சொல்லை இங்கே இழுத்தால் இரண்டு பக்கமும் பொருள் கலங்கிவிடும், எனக்கு உடன்பாடில்லை.

சொல் நிற்குமா என்று வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வகுப்பில் கரும்பலகையில் எழுதியது இது:

"வளர்ந்த ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஓடும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை அவ்வளவுதான். காலையில் சாப்பிடும் மூன்று இட்லியில் அதைப் போலப் பல மடங்கு மாவுச்சத்து இருக்கிறது. அத்தனையும் குளுக்கோஸாகி உள்ளே வந்தும் இரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறித் திரும்பவும் இறங்கிவிடுகிறது என்றால் அது நிலைபேணல். கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, கல்லீரலும் தசையும் குளுக்கோஸை வாங்கிக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கின்றன. இரவு பட்டினியில் அதே கணையம் குளுக்ககானைச் சுரக்க, கல்லீரல் சேமிப்பைத் திறந்துவிடுகிறது."

இந்த இடத்தில் 'சமநிலை' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். எது எதற்குச் சமம் என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. சிறுநீரகமும் அப்படித்தான், ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடித்தெடுத்து, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விட்டு மீதியைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்கிறது. இரத்தம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் பி.எச். அளவை 7.35க்கும் 7.45க்கும் நடுவில் வைக்க நுரையீரல் மூச்சுக்கு மூச்சு கரியமில வாயுவை வெளியேற்றுகிறது, சிறுநீரகம் பின்னாலேயே நிதானமாக அமிலத்தைக் கழிக்கிறது. ஒரு அளவைக் காக்க இரண்டு மண்டலங்கள், இரண்டு வேகத்தில்.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் இப்போதே பேசிவிடலாம். எதிர்மறைப் பின்னூட்டம், அதாவது ஒரு அளவு விலகினால் அந்த விலகலே அதைத் திருப்பிக் கொண்டுவரும் செயலைத் தூண்டுவது. இணையத்தில் பின்னூட்டம் என்றால் பதிவுக்கு அடியில் எழுதும் கருத்து, எதிர்மறை என்றால் திட்டு. உடம்பில் அதுதான் நம்மைக் காப்பாற்றுவது. உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழும்போது இரத்தம் காலுக்கு இறங்கி அழுத்தம் குறைகிறது, கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் மூளைக்குச் சொல்கின்றன, இதயம் வேகமெடுக்கிறது, குழாய்கள் இறுகுகின்றன. அந்தச் சில நொடி தாமதமானால் தலை சுற்றுகிறது. விலகலைத் தணிப்பதுதான் வேலை என்பதால் 'தணிக்கும் பின்னூட்டம்' என்கிறேன். பிரசவத்தில் வலி கூடக்கூட ஆக்சிடோசின் என்ற ஹார்மோனும் கூடுவது போன்றவை 'பெருக்கும் பின்னூட்டம்'. எதிர்மறை, நேர்மறை என்ற நல்லது கெட்டது சாயல் இதில் போய்விடும். தங்கை, மருத்துவக் கல்லூரியில் உன் தோழிகளிடம் இந்த இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுது.

கடைசியாக, ஐயாவின் உதவி வேண்டிய ஒரு சொல். உடம்பு எந்த அளவை இலக்காக வைத்துப் பேணுகிறதோ, அந்தப் புள்ளிக்கு என்ன பெயர்? 'குறியளவு' என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். இது இல்லாமல் காய்ச்சலை விளக்க முடியவில்லை. கிருமி வந்ததும் மூளையில் உடம்பின் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் குறியளவை 37 டிகிரியிலிருந்து 39க்கு ஏற்றிவிடுகிறது. உடம்பு இன்னும் 37இல் நிற்பதால் அந்தக் கணக்கில் அது குளிர்ந்துபோன உடம்பு, அதனால் நடுங்குகிறது, போர்வை கேட்கிறது. குளிர்காய்ச்சல் என்று நம் வீடுகளில் சொல்கிற அந்தச் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது. பிறகு குறியளவு பழைய இடத்துக்கு இறங்கியதும் 39இல் உள்ள உடம்பு சூடாகத் தெரிகிறது, வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் விடுகிறது. காய்ச்சலிலும் நிலைபேணல் நடந்துகொண்டுதான் இருக்கிறது, குறியளவு மட்டும் இடம் மாறியிருக்கிறது. இதைச் சொன்னபோதுதான் அந்தப் பையன், "அப்போ வெயில்ல மயங்கி விழுறவங்களுக்கு வர்ற சூடு காய்ச்சல் இல்லையா சார்?" என்று கேட்டான். இல்லை, அங்கே குறியளவு மாறவே இல்லை, பேணும் வேலைதான் தோற்றுவிட்டது, அதனால்தான் அவர்களுக்குக் காய்ச்சல் மாத்திரை கேட்காது, உடனே உடம்பைக் குளிர்விக்க வேண்டும் என்று சொன்னேன்.

குறியளவுக்கு உங்கள் பாடநூல்களில் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள் ஐயா, அடுத்த வாரம் நரம்பு மண்டலம் தொடங்குவதற்குள் தாளில் அதையே போட்டுக்கொள்கிறேன்.