கயாக்கின் அணியத்தில் (முன்முனையில்) பலகை வழுக்குகிறது, என்ன செய்யலாம்?

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு விறாந்தையில் 16 அடி கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) ஒன்று கட்டுகிறேன். கிட்டில் வந்தது 4 மி.மீ. பிளைவூட், பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து எபொக்சிப் பசை பூசும் வகை. நடுப்பகுதி அழகாகச் சேர்ந்துவிட்டது. அணியத்திலிருந்து இரண்டு அடிக்குத்தான் சிக்கல். கம்பியை முறுக்க முறுக்க அடிப்பலகை பக்கப்பலகை மேல் ஏறி வழுக்குகிறது. மூன்று நாளாக இதே கதை.

எல்லாவற்றையும் தளர்த்தி நடுவிலிருந்து மறுபடி இறுக்கினேன். 15 செ.மீ.க்கு ஒன்றாக இருந்த துளைகளுக்கு நடுவே இன்னொன்றும் போட்டேன். வெந்நீர்த் துணி சுற்றி வளைத்தும் பார்த்தாயிற்று. இன்னும் இறுக்கினால் கம்பி அறுகிறது, ஒரு துளை கிழிந்தே போனது. வாவியில் தோணி கட்டுகிற ஐயா ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, பேசாமல் ஆணி அடி" என்கிறார்! எபொக்சி இன்னும் தொடவில்லை.

இந்த இரண்டு அடிக்கு மட்டும் பலகை விளிம்பைச் சரிவாகச் சீவிவிட்டுத் தைத்தால் வழுக்காமல் நிற்குமா?