நோட்ஸ் கையால எழுதறீங்களா, டைப் பண்றீங்களா? சிஏ ஃபைனல் ஆளுங்க வாங்க

செம்பூர்_ஆர்ட்டிகிள்:
இது மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, யார்கிட்டயாவது சொல்லணும். சயான் பக்கம் ஒரு அப்யாசிகால, அதான் உக்காந்து படிக்கற ஹால்ல, சீட் எடுத்திருக்கேன். என்னோடது எல்லாமே லேப்டாப்தான், ஒன்நோட்ல கலர் கலரா ஹெட்டிங், ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் கேஸ் லா லிங்க், நானே பாத்து ரசிக்கிற மாதிரி இருக்கும். எதிர்ல ஒரு மராத்திப் பொண்ணு. புக்கை மூடி வச்சுட்டு ரஃப் பேப்பர்ல எஸ்ஏ 705 எழுதறா, கணக்குல குறை இருந்தா ஆடிட்டர் எந்த மாதிரி ஒப்பினியன் தரணும்ங்கற ஸ்டாண்டர்டு. மிஸ்ஸ்டேட்மெண்ட் மெட்டீரியல் (பெரிய தப்பு) மட்டும்னா குவாலிஃபைடு, பர்வேசிவும்னா (கணக்கு பூரா பரவினதுன்னா) அட்வர்ஸ், எவிடென்ஸே கிடைக்கல அதோட பாதிப்பு பர்வேசிவா இருக்கலாம்னா டிஸ்கிளெய்மர், அப்படியே தலைகீழா பாத்தாலும் எனக்குப் புரியற அளவுக்கு பெருசு பெருசா. எழுதி முடிச்சு, புக்கைத் திறந்து ஒரு பார்வை, ரெண்டு இடத்துல சுழிச்சா, பேப்பரை நாலா கிழிச்சு டஸ்ட்பின்ல போட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து. ஏன் கிழிக்கறீங்கன்னு கேட்டேன். "வேணும்னா திரும்ப எழுதிக்கறேன்"னு ஹிந்தில சொல்லிட்டு குனிஞ்சுட்டா, அவ்ளோதான். அந்த ராத்திரி ஒன்நோட்டைத் திறந்தா அத்தனை கலரும் எரிச்சலா இருந்துச்சு. நீங்க எல்லாம் எப்படி?

டோம்பிவிலி_8:02_ஃபாஸ்ட்:
செம்பூர்ல இருந்து சயான் போறவங்களுக்கு கிழிச்சுப் போட நேரம் இருக்கும் 😄 நமக்கு நேரமே டிரெயின்தான். தாணால ஏர்றவங்க ஏறினப்புறம் கைய மேல தூக்கினா அப்படியே மேலதான் இருக்கும், ரெஜிஸ்டரைப் பிரிக்க முடியுமா சொல்லுங்க. போன்தான், கட்டைவிரல்தான். போன வருஷம் ஒருநாள் டிடிஎஸ் (பணம் குடுக்கறப்பவே பிடிக்கற வரி) படிச்சிட்டு இருக்கேன், சீனியர் ஒருத்தர் குடுத்த பிடிஎஃப்ல இருந்து ஏத்தினது, காட்கோபர் தாண்டினதும் தோள் பக்கத்துல இருந்து ஒரு குஜராத்தி அங்கிள், என் முகத்தைக்கூட பாக்கல, ஸ்க்ரீனைத்தான் பாக்கறாரு, "பேட்டா, 194ஜே 30,000 இல்ல இப்ப, 50,000"ங்கறாரு. ஆமா, ப்ரொஃபெஷனல் ஃபீஸ் எவ்ளோ தாண்டினா டிடிஎஸ் பிடிக்கணும்ங்கற லிமிட் அது, 2025 ஏப்ரல்ல மாறினது. அதோட டிவிடெண்டும் 5,000 இல்ல 10,000ன்னாரு. குர்லா வர்றதுக்குள்ள ரெண்டையும் மாத்திட்டேன். அவர் குர்லால இறங்கிட்டாரு, எந்த ஃபர்ம், யாரு, ஒண்ணும் தெரியாது. கையால எழுதினதுல இத எங்க அடிச்சு எங்க எழுதுவீங்க? சொல்லுங்க கைப்பட எழுதற மகான்களே.

பழைய_ஸ்கீம்_பாஸ்:
தம்பி அடிச்சு எழுதலாம், அதுக்குத்தான் மார்ஜின்னு ஒண்ணு இருக்கு. ஆனா மார்ஜினும் பத்தாத ஒரு வருஷத்த நான் பாத்தேன். எக்ஸைஸ், சர்வீஸ் டாக்ஸ், சென்வாட் கிரெடிட் ரூல்ஸ்னு பழைய மறைமுக வரி எல்லாம் ஃபுல்ஸ்கேப் ரெஜிஸ்டர்ல, நீலம் சட்டம், கறுப்பு கேஸ், பென்சில்ல டவுட்டு. 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்துச்சு, அந்த ரெஜிஸ்டரெல்லாம் வேஸ்ட். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் தூங்கி எழுந்து வர்றேன், வாசல்ல ரத்திவாலா, பழைய பேப்பர்காரன், தராசு புடிச்சிருக்கான், அம்மா பேரம் பேசிட்டு இருக்காங்க, தட்டுல மேல இருக்கறது சென்வாட். மேல் அட்டை பிரிஞ்சு காத்துல படபடங்குது, என் கையெழுத்து. தடுக்கணும்னும் தோணல, ஏன்னா எதுக்கு. அம்மா ரெஜிஸ்டருக்கு தனி ரேட்டு கேட்டாங்க, அவன் நியூஸ்பேப்பர் ரேட்டுதான்னுட்டான்.

இப்ப படிக்கறவங்களுக்கும் அதே கதைதான். இன்கம் டாக்ஸ் ஆக்ட் 2025, 2026 ஏப்ரல் 1ல இருந்து அமல், சேமிப்புக்கு வரிக்கழிவு தர்ற 80சி போய் 123, சம்பள டிடிஎஸ்ஸுக்கு 392, மத்த டிடிஎஸ் 393, அசெஸ்மெண்ட் இயர்ங்கற பேச்சே போய் டாக்ஸ் இயர். டோம்பிவிலி தம்பி, உங்க 194ஜேயும் சேர்த்துத்தான் போச்சு. ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் போட்டு சமாளிச்சுடலாம்னு நினைக்காதீங்க, நம்பர் மட்டும் இல்ல, வரிசையே மாறிருக்கு.

கிர்காவ்_நைட்_ஷிஃப்ட்:
டைப் பண்ணா மனசுல நிக்காதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. 2014ல முல்லர், ஓப்பன்ஹைமர்னு ரெண்டு பேர் பண்ணது, லேப்டாப்காரங்க சொல்றத அப்படியே வார்த்தைக்கு வார்த்தை அடிச்சாங்க, கருத்துக் கேள்வில சறுக்கினாங்க. அப்படியே அடிக்காதீங்கன்னு முன்கூட்டியே சொல்லியும் அடிச்சாங்க.

டோம்பிவிலி_8:02_ஃபாஸ்ட்:
அத திரும்ப செஞ்சு பாத்தவங்களுக்கு அவ்ளோ வித்தியாசம் வரல, அதையும் படிங்க ப்ரோ. அது லெக்சர் கேக்கறப்போ எடுக்கற நோட்ஸ் வேற. நாம பண்றது மெட்டீரியலப் பாத்து சுருக்கறது. அதோட அந்த மராத்திப் பொண்ணு ஜெயிக்கறது பேனாவால இல்ல, புக்கை மூடி வச்சதால. அதே பொண்ணு டைப் பண்ணி டெலீட் அடிச்சாலும் மண்டைல நிக்கும்.

முலுண்ட்_ஈஸ்ட்:
நிக்கும், எழுத முடியுமா? நான் குரூப் 1 ரிசல்ட்டுக்கப்புறம் ஆடிட் பேப்பரோட சர்ட்டிஃபைடு காப்பிக்கு அப்ளை பண்ணேன். பிடிஎஃப் வந்துச்சு. முதல் பக்கத்துல கையெழுத்து ஸ்கூல் காப்பி ரைட்டிங் மாதிரி. கடைசி ரெண்டு பக்கம் இருக்கே, நானே ஜூம் பண்ணி, போனைத் திருப்பி, தங்கச்சிய கூப்பிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வரி படிச்சோம். அவ "அக்கா இது மெட்டீரியலா மேனேஜரா"ன்னு கேட்டா. ரெண்டுமே இல்ல, அது மேனேஜ்மெண்ட் ரெப்ரசென்டேஷன். திருத்தறவருக்கு தங்கச்சி இல்ல பாருங்க. மார்க் எவ்ளோன்னு கேக்காதீங்க.

மாட்டுங்கா_மாமா:
முலுண்ட் பொண்ணு எழுதினதப் பாத்து சொல்லத் தோணித்து. எங்க பையன் எழுதறச்சே நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அதான் என் அனுபவம், அதுக்கு மேல ஒண்ணுமில்லே. ஆனா சில விஷயம் கேளுங்கோ. ஜெல் பேனா வேண்டாம், மழைக்காலத்துல பைல தண்ணி போச்சுன்னா பக்கம் பூரா நீலக்குளம், பால்பாயிண்ட்தான் தாங்கும், அதுலயும் அழுத்தி எழுதாம ஓடற பேனாவா பாத்து வாங்குங்கோ, ஒரே கம்பெனி ஒரே கலர் ஆறு வாங்கி வச்சுடணும், ஹால்ல புதுப் பேனா எடுத்தா கை முரண்டு பண்ணும். மத்யானம் 2 மணிக்கு பேப்பர், ஆனா எல்லாரும் ராத்திரி எழுதிப் பாக்கறா, அதென்ன நியாயம்? 2 மணிக்கு சாப்பிட்ட சோறு கண்ணை இழுக்கறச்சே உக்காந்து எழுதிப் பாருங்கோ, அப்போ தெரியும். 1:45லேர்ந்து கேள்வித்தாள் படிக்கத் தர்ற பதினஞ்சு நிமிஷத்துக்கு விரலை நீட்டி மடக்கிண்டு இருங்கோ. மணிக்கட்டை மேஜை விளிம்புல வைக்கப்படாது. காபி ஒண்ணுக்கு மேல வேண்டாம், நடுங்கும். கிங்ஸ் சர்க்கிள் கார்டன்ல காலைல நாலு ரவுண்டு நடங்கோ. தூக்கம் முக்கியம். எழுந்ததும் போனைப் பாக்காதீங்கோ.

கிர்காவ்_நைட்_ஷிஃப்ட்:
மாமா, உங்க பையன் கையால எழுதினாரா டைப் பண்ணாரா? அத மட்டும் விட்டுட்டீங்க.

மாட்டுங்கா_மாமா:
அவன் மத்தவா நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்தான்.

பவாய்_சிஎஃப்ஏ:
எங்களுக்கு இந்த சண்டையே இல்ல. 2021ல இருந்து சிஎஃப்ஏ (இன்வெஸ்ட்மெண்ட் அனலிஸ்ட் பரீட்சை) முழுக்க கம்ப்யூட்டர்லதான், லெவல் 3ல எழுத வேண்டிய பதிலையும் டைப்தான் பண்ணணும். என் பக்கத்து சீட் ஆளு கீபோர்டை அடிச்ச அடில என் டேபிள் ஆடுச்சு, நான் டியூரேஷன் கணக்கு நடுவுல நிறுத்தி அவரையே பாத்துட்டு இருந்தேன். பரீட்சை எப்படியோ அப்படி பழகுங்க, அவ்ளோதான் மேட்டர்.

பழைய_ஸ்கீம்_பாஸ்:
தலைப்புல சிஏன்னு போட்டிருக்கு சார்.

வாஷி_ரீஅட்டெம்ப்ட்:
பவாய் சொன்னது சரிதானே, ஏன் விரட்டறீங்க. சிஏ ஃபைனல் ஆறாவது பேப்பரைப் பத்தி யாருமே பேசலயே? ஓப்பன் புக், நாலு மணி நேரம், எத வேணா கொண்டு போலாம், ஆனா பேப்பர்ல. லேப்டாப் வாசல்லயே நின்னுடும். எனக்கு முன்னாடி சீட்ல ஒரு பையன், டைப் பண்ணதெல்லாம் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங், ரெண்டு செங்கல் கனம், பாக்கவே அழகு. கேஸ் ஸ்டடில இண்ட் ஏஎஸ் 115, வருமானத்தை எப்ப கணக்குல காட்டணும்ங்கற ஸ்டாண்டர்டு, வந்துச்சு. பையன் பக்கத்தைத் தள்றான், தள்றான். அப்ப பாத்தேன், அவன் ஆள்காட்டி விரல் தானா பேப்பர் மேல மேல நோக்கி இழுக்குது, ஸ்க்ரீன்ல ஸ்க்ரோல் பண்ற மாதிரி. சிரிப்பு வரணும், வரல.

என்னோடதும் டைப்தான், அத மாத்தல, அமெண்ட்மெண்ட்டுக்கு (சட்டம் மாறினா திருத்தறதுக்கு) டோம்பிவிலி சொல்றதுதான் வழி. இண்டெக்ஸ் மட்டும் கையால எழுதறேன், முன்பக்கத்துல ஒட்டறேன், எது எங்கன்னு அதுல எழுதினதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. பிரிண்ட்டை பரீட்சைக்கு முந்தின நாள் போடாதீங்க, வாஷி ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை பூரா நம்ம ஆளுங்கதான் நிப்பாங்க, போன தடவை டோனர் தீந்து போய் என்னோடது பாதிக்கு மேல மங்கலாதான் வந்துச்சு.