பார் மேலே, ஆள் கீழே: கேட்ச் அனுபவங்கள்

கொட்டகலைக்காரன்:
மாகாண மட்டப் பளுதூக்கல் போட்டியின் வார்ம் அப் பகுதி. நான் கேட்பது கேட்ச் பற்றி, அதாவது ஏறும் பாருக்கு அடியில் குந்திப் போய் அதைப் பிடிப்பது. பக்கத்துப் பாரில் தலவாக்கலைப் பையன் ஒருவன், மெலிந்த உடம்பு, என்னைவிடக் கீழ் எடைப்பிரிவு. கிளீனில், அதாவது பாரைத் தரையிலிருந்து தோளுக்கு எடுப்பதில், நான் பாரை மார்பு வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் அடியில் போக இடம் தேடுவேன். அவன் இழுத்தது தொப்புள் உயரம்கூட இருக்காது. பார் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆளைக் காணவில்லை! பார்த்தால் தரையோடு குந்தியிருக்கிறான், முழங்கைகள் முன்னால் நீட்டியிருக்கின்றன, பார் தோளில். சத்தமே இல்லை. எனக்குப் பார் வந்து விழும்போது கழுத்தெலும்பில் 'தொம்' என்று கேட்கும். குறைவாக இழுத்து என்னைவிடக் கூடுதலாக எடுத்தவனை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த வேகத்தில் கீழே போவது உங்களில் யாருக்கு வந்தது, எப்படி வந்தது?

ஊவா மகள்:
என் கதை ஸ்னாட்ச், பாரைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் எடுப்பது. பிடித்தேன், எழுந்தேன், நின்றேன். பார் தலைக்கு மேல் அசையவில்லை. நடுவர்களின் மூன்று விளக்கில் இரண்டு சிவப்பு, தூக்கியது செல்லவில்லை. முழங்கை மடங்கிப் பிறகு நிமிர்ந்ததாம். என் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. எப்போதும் உள்ள வளைவோடுதான் பிடித்தேன். அப்படிப்பட்டவர்கள் போட்டிக்கு முன்பே நடுவர்களிடம் கையைக் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பொறுப்பாசிரியர் அதைப்பற்றி வாய் திறக்கவே இல்லை. விதி தெரிந்த ஒருவர் எங்கள் வலயத்தில் இருக்கிறாரா?

இன்னொன்று. பாடசாலையில் இருப்பது ஆண்களின் 20 கிலோ பார், 28 மில்லிமீட்டர் பருமன். போட்டியில் பெண்களுக்கு 15 கிலோ, 25 மில்லிமீட்டர். மேடையில் பிடித்தபோது வேறொருத்தியின் கையைக் கடன் வாங்கியது போல் இருந்தது.

பழைய மாஸ்டர்:
கொட்டகலைத் தம்பி, இழுவையின் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நானும் தூக்கியவன்தான், பதுளையில் ஒருமுறை பார் நேரே தொண்டையில் வந்து அமர்ந்தது, பயிற்சி மண்டபமே திரும்பிப் பார்த்தது. அது கிடக்கட்டும்.

அந்தப் பையன் குந்தவில்லை, தன்னைத்தானே பாருக்கு அடியில் இழுத்துக்கொண்டான். இடுப்பு நிமிர்ந்து முடிந்த கணத்தில் கனமான பாரைப் பிடித்து இழுத்தால், கீழே போவது நீங்கள்தான். 'தொம்' சத்தம் ஏன் வருகிறது? பாருக்கும் தோளுக்கும் இடையில் வெளி விட்டுவிட்டு நீங்கள் விழுகிறீர்கள். பாரைக் கையில் உணர்ந்தபடியே இறங்கினால் சத்தம் வராது. இதற்கு டால் கிளீன் பழகுங்கள்: வெறும் பாருடன் நிமிர்ந்து நின்று, துள்ளாமல், பாதத்தைப் பெயர்த்து வைத்து நேரே அடியில் போக வேண்டும். எடை ஏற்ற ஆசைப்படாதீர்கள். முழங்கை சுற்றி வரும்போது ஹூக் பிடியை (கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் அடக்கிப் பிடிப்பது) விட்டுவிடலாம். இரண்டு மூன்று விரல்கள் பாருக்கு அடியில் இருந்தால் போதும். பார் தங்குவது தோள் சதையில், மணிக்கட்டில் அல்ல. முழங்கை தொடையில் பட்டால் தூக்கியது செல்லாது, ஆகவே அதை உயர்த்தியே வையுங்கள். கணுக்கால் மடங்க மறுக்கிறதா? குதிகால் உயர்ந்த சப்பாத்து வாங்குங்கள். பாரை முன்தோளில் வைத்துக் குந்தும் முன் ஸ்குவாட்டின் அடியில் சிறிது நேரம் தங்கி இருந்து பழகுங்கள். இரவில் நேரத்தோடு படுங்கள். பரோட்டாவைக் குறையுங்கள்.

நுவரெலியாக் குளிர்:
மாஸ்டர் சேர், கோபிக்க வேண்டாம். நீங்கள் சொல்வதெல்லாம் கீழே போட்டாலும் தாங்கும் ரப்பர் பிளேட் உள்ள ஊருக்குப் பொருந்தும். எங்கள் ஜிம்மில் இரும்புப் பிளேட், சிமெந்துத் தரை, சுவரில் 'பாரைக் கீழே போடாதீர்' என்று மூன்று மொழியில் அறிவித்தல். ஸ்னாட்ச் பின்னால் போனால் விட்டுவிட்டு முன்னே துள்ளுவதுதான் முறை. ஒருவன் அப்படியே விட்டான். சிமெந்து பெயர்ந்தது, கீழ்க்கடைக்காரர் படியேறி வந்தார், முதலாளி மாதக் கட்டணத்தோடு தரைக்கும் காசு கேட்டார். அன்றிலிருந்து எவனும் முழுக் குந்தில் இறங்கிப் பிடிப்பதில்லை. எல்லாரும் அரைக்குந்தில் பிடித்து, உடல் பலத்தால் சமாளிக்கிறோம். பாரை விட முடியாதவன் எப்படி அடியில் போவான்? கணுக்காலைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

1,868 மீட்டர் உயரத்தில் ஜனவரிக் காலையில் ஹூக் பிடி போட்டால் கட்டைவிரல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் சப்பாத்து வாங்கவா?

ஹட்டன் பஸ்:
2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழா, ஆண்கள் 55 கிலோ. நம் திலங்க இசுறு குமார மொத்தம் 225 கிலோவுடன் வெண்கலம் எடுத்தார். பஸ்ஸில் கைபேசியில் பார்த்துக் கத்திவிட்டேன், நடத்துநர் முறைத்தார். ஆனால் மனதில் நின்றது இந்தியாவின் சங்கேத் சர்கார். 139 கிலோ முயற்சியில் வலது முழங்கை போனது. ஒரே ஒரு கிலோவில் தங்கம் தவறியது. ஊவா மகள், முழங்கை விடயத்தில் நடுவர்கள் கண்டிப்பாக இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஊவா மகள்:
அவருக்குக் காயம், எனக்குப் பிறவி அமைப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே, அண்ணா.

கொட்டகலைக்காரன்:
நுவரெலியா நண்பர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தலவாக்கலைப் பையன் எங்கே பயிற்சி செய்கிறான் என்று விசாரித்தேன். அங்கே மரப்பலகை மேடையும் ரப்பர் பிளேட்டும் இருக்கின்றனவாம். ஹட்டன் பக்கம் அப்படி ஓர் இடம் தெரிந்தால் எழுதுங்கள். பஸ் செலவு பரவாயில்லை.

பழைய மாஸ்டர்:
இடம் பிறகு தேடலாம். முதலில் டால் கிளீன்.

ஊவா மகள்:
நான் கேட்ட விதிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.