சீக்கியரின் கிரந்தத்தில் இருப்பது சட்டமா, வழியா?

வட்டக்கச்சி மகள்:

என் தம்பி கனடாவின் பிரம்டனில் இரண்டு பஞ்சாபிச் சீக்கியப் பெடியன்களோடு ஒரு பேஸ்மென்டில் இருக்கிறான். ஒருவன் தலைப்பாகை கட்டுகிறவன், முடியில் கத்தரி படவிடமாட்டான், மச்சம் தொடமாட்டான். மற்றவன் முடி வெட்டுகிறான், கோழிக்கறியும் சமைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே குருத்வாராவுக்கு, அதாவது சீக்கியர் கோவிலுக்குப் போய் ஒரே புத்தகத்தின் முன்னால் நெற்றி நிலத்தில் பட வணங்குகிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டால், இரண்டு பேரும் அந்தப் புத்தகத்தை, குரு கிரந்த சாகிபைத்தான் காட்டுகிறார்களாம்.

எனக்கு இது ஏன் என்றால், அப்பா சித்திரைக் கடைசியில் தவறினார். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் வந்தபோது முப்பத்தோராம் நாள் கழியவில்லை. வருடம் தவறாமல் போகிற அம்மா இந்த முறை படலையடியில் நின்று, போகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. விளக்குக்கு ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்துவிடப் பார்த்தோம். துடக்கு வீட்டுச் சாமான் என்று வாங்கவில்லை. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவரும் காட்டவில்லை. அவர்களுடைய புத்தகத்திலாவது இப்படியெல்லாம் எழுதி இருக்கிறதா?

நெடுங்கேணி வாசகன்:

எழுதித்தான் இருக்க வேண்டும். வெட்டாத முடி, மரச்சீப்பு, இரும்பு வளையம், அரைக் காற்சட்டை, கிர்பான் என்கிற சிறு வாள் என்று ஐந்து சின்னங்கள் அவர்களுக்குக் கட்டாயம். சட்டம் இல்லாமல் அது எங்கிருந்து வந்தது?

பரந்தன் லொறிக்காரன்:

தம்பி, அந்த ஐந்தும் கிரந்தத்தில் இருந்து வந்தவை அல்ல. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பத்து வருடம் கனடாவில் லொறி ஓடினேன், இப்போது இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறேன். எங்கள் சனம் தலைப்பாகைக்காரரை முதலில் கண்டது 1987இல், இந்திய இராணுவத்தோடு. அந்தப் பயம் எனக்குள்ளும் இருந்தது. என்னோடு ஒரே லொறியில் மாறி மாறி ஓடிய பஞ்சாபி அண்ணைதான் அதைப் போக்கினார்.

கிரந்தத்தை ஐந்தாவது குரு அர்ஜன் 1604இல் அமிர்தசரஸில் தொகுத்தார். இப்போதைய அச்சில் 1430 பக்கம். முழுக்கப் பாட்டு, பெரும்பகுதி ராகம் ராகமாக அடுக்கியது. தேவாரத்தைப் பண் வாரியாக வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி. குருமாரின் பாட்டோடு நெசவாளி கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், முஸ்லிம் சூஃபி ஷேக் ஃபரீத் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்கிற பேச்சே இல்லை. தீட்சை பெற்ற சீக்கியரின் கூட்டமான கால்சாவைப் பத்தாவது குரு கோவிந்த் சிங் தொடக்கியது 1699இல், ஆனந்த்பூரில். ஐந்து சின்னங்களும் அதோடு சேர்ந்தவை. 1708இல் நாந்தேட்டில், தனக்குப் பிறகு ஆள் இல்லை, கிரந்தமே குரு என்றார். இப்போது இருக்கிற நடத்தை விதிகள் ரெஹத் மர்யாதா என்ற தனிப் புத்தகம். குருத்வாராக்களை நிர்வகிக்கிற சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அதை ஏற்றது 1945இல். முடி வெட்டக்கூடாது, புகையிலை கூடாது என்பதெல்லாம் அதில்தான் வரிசையாக இருக்கிறது.

மச்சத்தைப் பற்றிக் கேட்டாய், பிள்ளை. மர்யாதா விலக்குவது முஸ்லிம் முறையில் அறுத்த இறைச்சியை. எல்லா இறைச்சியும் கூடாது என்கிறவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். குருத்வாராவில் எல்லாருக்கும் போடுகிற சாப்பாடான லங்கரில் மரக்கறி மட்டும்தான். கிரந்தத்தில் முதல் குரு நானக்கின் பாட்டோ, இறைச்சி இறைச்சி என்று சண்டை பிடிப்பவர்கள் மூடர் என்கிறது.

ஒருநாள் இரவு முழுக்க ஓடிவிட்டு, விடிய அந்த அண்ணையோடு குருத்வாராவுக்குப் போனேன். பனிச்சப்பாத்தைக் கழற்றி, கூடையில் கிடந்த செம்மஞ்சள் துணியைத் தலையில் கட்டினேன். கிரந்தத்தை அறையில் இருந்து தலையில் சுமந்து வந்து, பட்டு விரித்த மேடையில் வைத்து, சாமரம் வீசினார்கள். பிறகு கிரந்தி, அதாவது கிரந்தம் வாசிப்பவர், கண்ட இடத்தில் திறந்து, இடப்பக்கம் மேலே இருக்கிற பாட்டை வாசித்தார். அன்றைய நாளுக்கு அதுதான் குருவின் சொல். அதற்குப் பெயர் ஹுக்கம், கட்டளை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பிள்ளை இல்லாத அச்சுத களப்பாளருக்குத் திருமுறையில் கயிறு சாத்தி, அகப்பட்ட ஏட்டைப் பார்த்தபோது திருவெண்காட்டுப் பதிகம் வந்ததும், பிறகு மெய்கண்டார் பிறந்ததும் சின்ன வயதில் அப்பு சொல்லிக் கேட்ட கதை. கட்டளை என்கிறார்கள், ஆனால் அதைச் சட்டம் பார்க்கத் திறப்பதில்லை. நாள் தொடங்க முன் ஒருவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். இரவில் அதே புத்தகத்தை மூடிப் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். வெறும் புத்திமதிப் புத்தகத்துக்கு யார் படுக்கை விரிப்பார்கள்?

இனித் துடக்கு. அந்த வார்த்தையே கிரந்தத்தில் இருக்கிறது, சூதக் என்று. ஆசா தி வார் என்ற காலைப் பாட்டில் நானக் சொல்வதன் கருத்து இது: துடக்கு என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் எல்லாவற்றிலும் துடக்குத்தான். சாணிக்குள்ளும் விறகுக்குள்ளும் புழு இருக்கிறது. தானியம் ஒன்றும் உயிர் இல்லாமல் இல்லை. முதல் உயிர் தண்ணீர், அதனால்தான் எல்லாம் பச்சைப்படுகிறது. பிறகு அடுப்படிக்குள் எப்படித் துடக்குக் காப்பாய்? மனதின் துடக்கு பேராசை, நாவின் துடக்கு பொய், காதின் துடக்கு கோள் கேட்பது என்று போகிறது. உன் அம்மாவின் எண்ணெயை வாங்காதவர்கள் செய்தது சரி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

குருமன்காடு ஆசிரியை:

அண்ணை சொன்னதில் ஒன்றோடு ஒத்துப்போக மாட்டேன். விதியைத் தனிப் புத்தகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்பதாவது குரு தேக் பகதூரை 1675இல் டில்லியில் தலை வெட்டினார்கள். 24 வருடம் கழித்து அவருடைய மகன்தான் கால்சாவைத் தொடங்கினார். கூட்டத்துக்குள் ஒளிந்து நிற்க முடியாதபடி ஒரு அடையாளத்தைக் கொடுத்தார். சனம் கலைந்து போகாமல் நிற்பதற்குப் பாட்டு மட்டும் போதாது என்பது வன்னியில் இருக்கிற எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தலைப்பாகைப் பெடியன் அமிர்தம் எடுத்தவனாக, அதாவது தீட்சை பெற்றுக் கால்சாவில் சேர்ந்தவனாக இருந்தால், முடி அவனுக்கு நேர்ந்துகொண்ட விரதம். மற்றவன் அந்த வாக்கைக் கொடுத்திருக்கமாட்டான். தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள்.

பரந்தன் லொறிக்காரன்:

விரதம் என்பது சரிதான் ரீச்சர். நான் அதை விட்டுவிட்டேன். அந்த அண்ணையும் அமிர்தம் எடுத்தவர். லொறிக்குள் நாலு மணிக்கு எழும்பி ஜப்ஜி என்ற காலைப் பாட்டைச் சொல்லுவார். உண்மையானவனாக ஆவது எப்படி என்று அதன் தொடக்கத்திலேயே நானக் கேட்கிறார். ஹுக்கத்தின்படி நட, அது உன்னோடேயே எழுதப்பட்டிருக்கிறது என்று அவரே பதிலும் சொல்கிறார்.

வட்டக்கச்சி மகள்:

கேட்டேன். ரீச்சர் சொன்னதுதான். தலைப்பாகைப் பெடியன் பதினாறு வயதில் அமிர்தம் எடுத்தவனாம், மற்றவன் எடுக்கவில்லையாம். இரண்டு பேருக்கும் ஆசா தி வார் பாடமாம்.

அண்ணை எழுதியதை அடுப்படியில் வைத்து அம்மாவுக்கு வாசித்தேன். விறகு தள்ளுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் வருகிற இடத்தை இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னா. முழுப் பாட்டையும் பாடிப் பதிந்து அனுப்பும்படி தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.